மேட் ஆர்ட்டில் அடித்த டார்க் சாலிட் மறுநாளும் காயவில்லை: டிரையர் கூட்டலாமா, எல்இடி யூவிக்குப் போகலாமா?

நாலுகலர்_சிவகாசி (கேள்வி)

மாதக் காலண்டர் வேலை. 170 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் (பளபளப்பில்லாத கோட்டட் பேப்பர்), 28×40 நாலு கலர் ஷீட்ஃபெட் (தாள் தாளாக அடிக்கும் ஆஃப்செட் மெஷின்). கோட்டிங் யூனிட் கிடையாது. டெலிவரியில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கும், ஷீட் ஒட்டாமல் இருக்கத் தூவும் பவுடரும் மட்டும்தான். டாப் ஷீட் முழுக்கக் கருநீல சாலிட் (இடைவெளியில்லாமல் நிரப்பிய நிறம்). ஃபைலில் சயான் 100, மெஜந்தா 100, மஞ்சள் 60, கருப்பு 80 என்று இருக்கிறது.

செட்-ஆஃப் (அடுக்கில் மேல் ஷீட்டின் முதுகில் மை ஒட்டுவது) பெரிதாக இல்லை. ஆனால் முதல் நாள் சாயங்காலம் அடித்ததை மறுநாள் மதியம் கட்டைவிரலால் தேய்த்தால் கலர் கையோடு வருகிறது. பின்பக்கம் ஏற்றினால் இம்ப்ரெஷன் சிலிண்டரில் மை படிகிறது. கட்டிங்கில் கிளாம்ப் அமுக்கும் இடத்தில் மேல் ஷீட்டின் முதுகில் கீழ் ஷீட்டின் மை ஒட்டுகிறது.

ஆகஸ்ட் வரை இதே இங்க், இதே பேப்பரில் தொந்தரவு இல்லை. மழை தொடங்கியதும் வந்த வினை என்று மெஷின்மேன் சொல்கிறார். இங்க் ஓவர்நைட் ஃப்ரெஷ் வகை. கோபால்ட் டிரையர் (மையைச் சீக்கிரம் காய வைக்கச் சேர்ப்பது) 2% போட்டுப் பார்த்தாச்சு, வித்தியாசமே இல்லை. 4% போடலாம் என்கிறார்.

டிரையர் எவ்வளவு வரை போகலாம்? ஐஆரை முழுசாக ஏற்றினால் தீருமா? இல்லை, இனி எல்இடி யூவிதான் வழியா?

---

இங்க்கிச்சன்

4% வேண்டாம், அண்ணாச்சி. 2% போட்டும் அசையாதபோது குறை டிரையரில் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஷீட்ஃபெட் மையில் இரண்டு வேலை நடக்கிறது, இரண்டும் வேறு வேறு. மையில் உள்ள மெல்லிய எண்ணெயை ஆர்ட் பேப்பரின் கோட்டிங் உறிஞ்சிக்கொள்ளும். மேலே நிற்கும் ரெசின் கெட்டியாகும். இது செட்டிங். சில நிமிஷத்தில் இருந்து அரை மணிக்குள் முடிந்துவிடும். செட் ஆன ஷீட் பைலில் (அடித்த ஷீட்டின் அடுக்கில்) அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டாது, ஆனால் தேய்ப்புக்கு நிற்காது. அதன் பிறகுதான் ஆளி எண்ணெய், ஆல்கிட் போன்றவை காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து ஒன்றோடொன்று பின்னி உறுதியான படலமாகின்றன. இதுதான் காய்தல். சாதாரணமாக 6 முதல் 24 மணி நேரம் வரை ஆகும். கோபால்ட், மாங்கனீஸ் டிரையர் உதவுவது இந்த இரண்டாவது கட்டத்துக்கு மட்டுமே.

உங்களுக்கு செட்-ஆஃப் இல்லை என்பதால் செட்டிங் ஒழுங்காக நடக்கிறது. அடிபடுவது ஆக்சிஜன் கட்டம். அதைக் கெடுப்பவை இவை: பவுண்டன் தண்ணீரின் (பிளேட்டை நனைக்கும் கலவையின்) அமிலம், மைக்குள் ஏறிய அதிகத் தண்ணீர், ஈரப் பேப்பர், குளிர்ந்த பைல், காற்றே புகாத உயரமான அடுக்கு, மையிலேயே இருக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட். கடைசியாகச் சொன்னது உங்கள் ஓவர்நைட் மையில் கட்டாயம் இருக்கும். ராத்திரி டக்ட்டில் (மெஷினின் மைத் தொட்டியில்) ஏடு கட்டாமல் இருக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். டக்ட்டில் காயாத மை பைலிலும் நிதானமாகத்தான் காயும்.

எதில் குறை என்று கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. டப்பாவில் இருந்து எடுத்த மையை (டக்ட்டில் இருந்து எடுக்காதீர்கள்) விரல் நுனியில் தொட்டு, அதே மேட் ஆர்ட்டில் மெல்லிசாகத் தட்டித் தட்டிப் பரப்புங்கள். பிரிண்டின் அடர்த்தி அளவுக்கு வந்தால் போதும். இன்னொன்று, நன்றாகக் காயும் என்று தெரிந்த ஒரு கிளாஸ் (பளபளப்பான) ஆர்ட்டில். மூன்றாவது, மெஷினில் அடித்த ஷீட். மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து மணிக்கு ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள்.

விரலால் தட்டிய இரண்டும் காய்ந்து மெஷின் ஷீட் மட்டும் காயவில்லை என்றால் குறை தண்ணீரில். கிளாஸில் காய்ந்து மேட்டில் காயவில்லை என்றால் பேப்பரில். எதிலுமே காயவில்லை என்றால் டப்பாவைச் சப்ளையருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

கூடவே நான்கு அளவு வேண்டும்: டேங்க்கில் பிஎச், கண்டக்டிவிட்டி, மெஷின் ரூம் ஈரப்பதம், அடித்து அரை மணி கழித்துப் பைலின் நடுவில் வெப்பம். பைலுக்குள் செருகும் கம்பித் தெர்மாமீட்டரால் எடுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்குமே, அதை மேல் ஷீட்டில் காட்டி எடுக்கும் அளவு உதவாது. பிஎச் மீட்டரை 4, 7 பஃபர் இரண்டிலும் வைத்துச் சரிபார்த்த பிறகு எடுங்கள். பாதி பிரஸ்களில் மீட்டரே பொய் சொல்லும்.

---

பைண்டிங்டேபிள்

மேலே சொன்னது சரி. அதற்கு முன்னால் இன்னொரு பார்வை. "தேய்த்தால் கலர் வருகிறது" என்பதில் மூன்று நோய் இருக்கலாம்.

கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். பிசுக்கென்று பிடித்தால் மை காயவில்லை. பிசுக்கே இல்லாமல் பவுடர் மாதிரி விரலில் ஒட்டினால் அது சாக்கிங்: பேப்பர் எண்ணெயோடு ரெசினையும் இழுத்துவிட்டது, பிக்மென்டைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அது பத்து நாள் கழித்தும் அப்படியே இருக்கும். டிரையர் போட்டுப் பயனில்லை, மேலே ஒரு மேட் வார்னிஷ் ஓட்ட வேண்டும்.

மூன்றாவது, விரலில் ஒன்றும் வராது. ஆனால் ஷீட்டின் வெள்ளை இடத்தை எதிர் ஷீட்டின் சாலிட்டில் வைத்துத் தேய்த்தால் கறை வரும். மேட் கோட்டிங்கில் உள்ள கால்சியம் கார்பனேட் துகள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. முழுக்கக் காய்ந்த மையையும் அது சுரண்டும். மேட் ஆர்ட்டில் டார்க் சாலிட் என்றால் வார்னிஷ் இல்லாமல் வேலை ஒப்புக்கொள்வதே சரியில்லை என்பது என் கட்சி. எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

---

நாலுகலர்_சிவகாசி

பார்த்துவிட்டேன். விரலில் பிசுக்கு இருக்கிறது, பவுடர் இல்லை.

டப்பா மை மேட்டில் சுமார் 9 மணி நேரத்தில் காய்ந்தது, கிளாஸில் 7 மணி நேரத்தில். மெஷின் ஷீட் 20 மணி நேரம் தாண்டியும் பிசுக்கு.

பிஎச் 4.3. கண்டக்டிவிட்டி 2,450 மைக்ரோசீமன்ஸ். ஈரப்பதம் 76%. பைல் நடுவில் 27 டிகிரி. பவுண்டன் கான்சன்ட்ரேட் 5%, ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) 10%. ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு: செப்டம்பரில் போர் தண்ணீரை விட்டு ஆர்ஓ தண்ணீருக்கு மாறினோம். பவுண்டன் அதே பிராண்ட், அதே அளவு.

---

இங்க்கிச்சன்

குற்றவாளி ஆர்ஓ தண்ணீர்தான். மழை கூட்டாளி.

போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய. கான்சன்ட்ரேட்டில் உள்ள அமிலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். அதற்காகத்தான் கடினத் தண்ணீருக்கான பவுண்டனில் அமிலம் தூக்கலாக இருக்கும், 5% வரை ஊற்றவும் சொல்வார்கள். ஆர்ஓ தண்ணீரில் தின்ன ஒன்றுமில்லை, முழு அமிலமும் அப்படியே நிற்கிறது. பிஎச் 4.5-க்குக் கீழே போனால் தண்ணீர் மைக்குள் ஏறும்போது அந்த அமிலம் கோபால்ட்டையும் மாங்கனீஸையும் உப்பாக மாற்றி முடக்கிவிடும். நீங்கள் 2% போட்டும் அசையாததற்குக் காரணம் இதுதான். போடப் போடத் தண்ணீர் பிடுங்கிக்கொள்கிறது. அதோடு கான்சன்ட்ரேட்டில் கிளிசரின், கிளைகால் வகையும் இருக்கும். அவை ஆவியாகாது. 5% ஊற்றினால் அதுவும் மையில் தங்கிப் படலத்தை இளக்கமாக்கும்.

செய்ய வேண்டியது: டேங்க்கைக் காலி செய்து, குழாய்களைச் சுடுநீரில் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். ஆர்ஓவுக்கென்றே தனி பவுண்டன் கிடைக்கிறது, அதற்கு மாறுவதுதான் நிரந்தர வழி. கையிருப்பைத் தீர்க்க வேண்டுமென்றால் ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து கடினத்தன்மையை லிட்டருக்கு 140 முதல் 215 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவுக்குக் கொண்டுவாருங்கள். போர் தண்ணீரில் உப்புக் கரிப்பு அதிகம் என்றால் இந்தக் கலவை வேண்டாம். கான்சன்ட்ரேட்டை 3%-இல் தொடங்குங்கள். பிஎச் 4.8-க்கும் 5.3-க்கும் நடுவில் நின்றால் போதும்.

3% என்று ஊற்றுகிறவர் கணக்கை நம்பாமல் ஒரு சார்ட் போட்டு டேங்க் மேல் ஒட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து வெறும் தண்ணீரின் கண்டக்டிவிட்டியைக் குறியுங்கள். 10 மில்லி கான்சன்ட்ரேட் விட்டு ஒரு ரீடிங், இன்னொரு 10 மில்லி விட்டு ஒரு ரீடிங், இப்படி 5 தடவை. பிஎச்சையும் பக்கத்தில் எழுதுங்கள். நல்ல பவுண்டன் பஃபர் செய்யப்பட்டது, அளவு கூடினாலும் பிஎச் பெரிதாக நகராது. கண்டக்டிவிட்டிதான் நேர்கோட்டில் ஏறும். அதனால் அளவு பிடிக்கக் கண்டக்டிவிட்டியைப் பாருங்கள், பிஎச்சைச் சரிபார்ப்புக்கு வையுங்கள். சார்ட் போடுவது ஐபிஏ சேர்க்கும் முன்பு. ஐபிஏ விழுந்ததும் ரீடிங் இறங்கும். ஓட்டத்தில் புதுக் கலவையைவிட 1,000 கூடிவிட்டால் பேப்பர் தூசியும் மையும் சேர்ந்துவிட்டது, டேங்க்கை மாற்ற வேண்டும்.

தண்ணீர் விடும் அளவையும் இறக்குங்கள். ஓட்டத்தில் கட்டுப்பாட்டை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்து, கிரிப்பர் பக்கம் (ஷீட்டைக் கவ்வும் ஓரம்) மை இழுக்க ஆரம்பிக்கும் இடத்தைப் பாருங்கள். அதற்கு ஒன்றிரண்டு புள்ளி மேலே நிறுத்துங்கள். பலரும் ஸ்கம்மிங் (வெள்ளை இடத்தில் மை ஏறுவது) பயத்தில் அதற்கு ரொம்ப மேலே ஓட்டுகிறார்கள்.

இந்த வேலைக்குக் கருப்பும் சயானும் மட்டுமாவது சாதாரண ஆக்சிடேஷன் மையாக மாற்றுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் டக்ட்டைக் கழுவும் வேலை கூடும், பரவாயில்லை. அதில் டிரையர் தேவைப்படாது. தேவைப்பட்டாலும் 1% போதும். அதற்கு மேல் போனால் ரோலரில் மை இறுகும், தண்ணீரை இன்னும் இழுக்கும், பிளேட் அழுக்காகும். காய்வது மட்டும் வேகமாகாது. இன்னொன்று, கோபால்ட் மேல்தோலைத்தான் முதலில் காய வைக்கும். தடித்த சாலிட்டில் மேலே ஏடு கட்டி அடியில் ஈரமாக நின்றுவிடும். அடிவரை காய மாங்கனீஸும் சேர்ந்த டிரையர் வேண்டும்.

ஐஆர் பற்றிக் கேட்டீர்கள். 27 டிகிரி குறைவுதான். பத்து டிகிரி ஏறினால் ஆக்சிடேஷன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுக் கணக்கு. பைல் நடுவில் 33 முதல் 35 வரை கொண்டுவாருங்கள். முழுசாக ஏற்றாதீர்கள். மை காயும்போது தானே சூடு விடும். உயரமான பைலில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஒரு மணி கழித்து மேலும் சில டிகிரி ஏறும். 40-ஐத் தாண்டினால் ரெசின் இளகி மொத்தப் பைலும் ஒரே பலகையாகிவிடும். ஐஆருக்குப் பக்கத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஈரக் காற்றை வெளியேற்றாமல் விளக்கை மட்டும் எரித்தால் பேப்பர் சூடாகும், மை காயாது.

ஈரப்பதம் 50 முதல் 55% இருக்க வேண்டும். 76% என்றால் பேப்பரே தண்ணீர் குடித்திருக்கும். ஏசியோ டிஹியூமிடிஃபையரோ இல்லையென்றால் குறைந்தபட்சம் ரேப்பர் பிரிக்காமல் ஒரு நாள் மெஷின் ரூமில் வைத்து, ஓட்டும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். அடித்த பைலையும் வாசலோரம் நிறுத்தாதீர்கள்.

---

ஜன்னலோரபைல்

சின்னச் சின்ன விஷயம் சில. டார்க் சாலிட் என்றால் பைலை ஓரடி உயரத்துக்கு மேல் விடக்கூடாது, மூலைக் கட்டை வைத்துப் பலகை பலகையாக அடுக்குங்கள். 3, 4 மணி கழித்துக் கைப்பிடி கைப்பிடியாகத் தூக்கிக் காற்று விட்டு வையுங்கள், ஆக்சிஜன் உள்ளே போனால்தானே காயும். டிராலியை வாசல்படி மேல் தடதடவென்று ஏற்றாதீர்கள். செட் ஆகி காயாத மை அந்த ஆட்டத்தில்தான் உரசும்.

பவுடர் 170 ஜிஎஸ்எம்முக்கு 20 முதல் 30 மைக்ரான் போதும். ஓடும்போது டெலிவரியில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பவுடர் மேகம் எங்கே துண்டாகி இருக்கிறதோ அந்த நாசில் அடைத்திருக்கிறது.

---

ப்ரீபிரஸ்_விருதுநகர்

யாரும் ஃபைலைத் தொடவில்லையே! 100 + 100 + 60 + 80 = 340%. கோட்டட் ஷீட்ஃபெட்டுக்கு 300 முதல் 330-க்குள் நிறுத்த வேண்டும். மேட் ஆர்ட்டில் 280-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரு கலர் சுமார் 1 மைக்ரான் தடிமன் என்று வைத்தால் உங்கள் நீலத்தில் மூன்று மைக்ரானுக்கு மேல் ஈர மை நிற்கிறது.

கருநீலத்துக்கு மஞ்சளே வேண்டாம். சயான் 100, மெஜந்தா 75, மஞ்சள் 0, கருப்பு 60 கொடுத்துப் பாருங்கள், 235%தான். பிரூஃபில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்னதைவிடச் சுத்தமான நீலமாகத் தெரியும். போட்டோ இருக்கும் பக்கங்களுக்கு 300% வரம்புள்ள கலர் புரொஃபைலில் மாற்றி, ஜிசிஆர் மீடியத்தில் வையுங்கள். மூன்று கலர் சேர்ந்து உண்டாக்கும் சாம்பலைக் கருப்பு எடுத்துக்கொள்ளும்.

நாலு கலர் வேண்டாம், ஸ்பாட் நீலமே போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ரிஃப்ளெக்ஸ் புளூவைத் தொடாதீர்கள். காய்வதில் அதைவிடச் சோம்பேறி மை கிடையாது. காய்ந்த பிறகும் தேய்ப்புக்கு நிற்காது, மேலே அக்வியஸ் (தண்ணீர் அடிப்படையிலான) கோட்டிங் ஓட்டினால் அதன் காரத்தில் நிறம் திரியும். தாலோ நீலத்தில் கலந்து தரச் சொல்லிச் சப்ளையரிடம் கேளுங்கள்.

---

வாசகன்72

நடுவில் ஒரு சந்தேகம். தினசரிப் பேப்பர் படித்தால் விரல் கருப்பாகிறதே, அதுவும் இந்தப் பிஎச் கோளாறுதானா?

---

இங்க்கிச்சன்

இல்லை. நியூஸ்பேப்பர் மை கோல்ட்செட். பெரும்பாலும் மினரல் ஆயில், அதற்கு ஆக்சிஜனோடு சேரும் குணமே கிடையாது. நியூஸ்பிரிண்ட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். அது கடைசிவரை காயாது. பளபளப்பான வாரப் பத்திரிகைகள் பலவற்றை ஹீட்செட் வெப்பில் அடிக்கிறார்கள். அங்கே ரீல் ஒரு நீள அடுப்புக்குள் சூடான காற்றில் மிதந்து போகும், வெளியே வரும்போது பேப்பர் 120, 130 டிகிரியில் இருக்கும். எண்ணெய் ஆவியாகிவிடும். இளகி நிற்கும் ரெசின், உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் ‘சில்’ ரோலரில் பட்டதும் கெட்டியாகும். சில் ரோலரில் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மை அந்த ரோலரிலேயே ஒட்ட ஆரம்பிக்கும்.

---

க்யூரிங்லேம்ப்

எல்இடி யூவி கேள்விக்கு.

விளக்கை மட்டும் வாங்கி மாட்டினால் இப்போதுள்ள மை ஒரு துளியும் காயாது. யூவி மையில் எண்ணெயும் இல்லை, ஆவியாக ஒன்றும் இல்லை. அக்ரிலேட்டும் போட்டோ-இனிஷியேட்டரும். ஒளி பட்டதும் இனிஷியேட்டர் உடைந்து, ஒரு நொடிக்கும் குறைவாக அக்ரிலேட் பின்னிக்கொள்கிறது. பாதரச விளக்கு 254, 313, 365 நானோமீட்டர் என்று பல இடங்களில் ஒளி தரும். எல்இடி 365, 385, 395 இவற்றில் ஏதோ ஒன்றில் மட்டும்தான் தரும். ஆகவே சாதாரண யூவி மை எல்இடியில் பாதி காய்ந்து நின்றுவிடும், எல்இடிக்கென்று செய்த மை வேண்டும்.

மையோடு முடியாது. ரோலர் ரப்பரும் பிளாங்கெட்டும் யூவி மைக்கும் அதன் வாஷுக்கும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊதிப்போகும். சாதாரண சிடிபி பிளேட்டின் இமேஜை யூவி மை அரிக்கும். பிளேட்டை அடுப்பில் சுட வேண்டும் (பேக்கிங்) அல்லது யூவி பிளேட் வாங்க வேண்டும். ஒரே மெஷினில் காலையில் சாதா மை, மாலையில் யூவி என்று மாற்றி மாற்றி ஓட்டினால் கழுவியே நேரம் போகும். மையின் விலையும் பல மடங்கு.

கிடைப்பது என்ன? டெலிவரியில் இறங்கிய ஷீட்டை உடனே திருப்பிப் போடலாம், கட்டிங் போடலாம். பவுடர் தேவையில்லை. எல்இடியில் ஓசோன் கிடையாது, எக்ஸாஸ்ட் குழாய் வேண்டாம். விளக்கின் ஆயுள் 20,000 மணி என்கிறார்கள், பாதரசத்துக்கு 1,000 முதல் 2,000 வரை.

மெட்பெட் (உலோகப் பூச்சுள்ள பிலிம் ஒட்டிய) போர்டு, பிவிசி அடிப்பவர்களுக்கு இது கட்டாயம் போலத்தான். அங்கே உறிஞ்ச எதுவும் இல்லாததால் செட்டிங் என்ற கட்டமே கிடையாது. ஃபாயில் மையில் (உறிஞ்சாத பரப்புக்கான சாதா மை) அடித்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். ஆர்ட் பேப்பரில் காலண்டர் மட்டும் ஓட்டுகிற பிரஸ்ஸுக்குப் பிஎச் சரியில்லை என்பதற்காக யூவி வாங்குவது வீண் செலவு.

உணவுப் பெட்டி வேலை இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2005-இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பால் அட்டைப்பெட்டிகளில் ஐடிஎக்ஸ் என்ற போட்டோ-இனிஷியேட்டர் பாலில் இறங்கியது தெரிந்து, லட்சக்கணக்கான லிட்டரைப் பறிமுதல் செய்தார்கள். அச்சு இருந்தது பெட்டியின் வெளிப்புறம்தான். ரீலாகச் சுற்றும்போது வெளிப்புற மை உள்புறத்தைத் தொட்டே நிற்கும். உணவு வேலைக்கு லோ மைக்ரேஷன் (உணவுக்குள் இறங்குவது மிகக் குறைவான) மை என்று எழுத்தில் வாங்குங்கள்.

---

நாலுகலர்_சிவகாசி

பவுண்டன் 3%, பிஎச் 5.0, ஐபிஏ 8%, கருப்பும் சயானும் சாதா மை, ஃபைல் 235%. பைல் 34 டிகிரி. 10 மணி நேரத்தில் கட்டைவிரலுக்கு ஒன்றும் வரவில்லை. ஈரப்பதம் இன்னும் 70-இல்தான் நிற்கிறது.

கடைசியாக: இதில் ஒரு பகுதிக்குத் தெர்மல் மேட் லேமினேஷன் கேட்கிறார்கள். 10 மணி நேரத்தில் போடலாமா?

---

பைண்டிங்டேபிள்

ஒரு நாள் முழுக்க விடுங்கள். விரலுக்குக் காய்ந்தாலும் உள்ளே எண்ணெய் நிற்கும். லேமினேஷன் ரோலரின் 100 டிகிரிச் சூட்டில் அது கிளம்பிவந்து பிலிமை மறுநாள் தூக்கும், முதலில் கிரீசிங் (மடிப்புக் கோடு) ஓரத்தில். லேமினேஷனுக்குப் போகும் ஷீட்டைத் தனியாக, பவுடர் குறைத்து, தாழ்ந்த பைலாக அடியுங்கள். பவுடர் மிச்சம் இருந்தால் கருநீலத்தின் மேல் வெள்ளி வெள்ளியாகப் புள்ளி தெரியும். அதற்கு ரோலர் அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. லேமினேஷனுக்கு முன்னால் ஷீட்டை ஒரு தடவை மை, தண்ணீர் எதுவும் இல்லாமல் மெஷினில் வெறுமனே ஓட்டினால் பிளாங்கெட் பெரும்பாலான பவுடரை எடுத்துவிடும்.